உழவர் சந்தையா, கமிஷன் மண்டியா, வாரச்சந்தையா: ஒரு ஏக்கர் காய்கறிக்காரர் எங்கே கடை போடலாம்?

ஐம்பது சென்ட் முதல் ஒரு ஏக்கர் வரை காய்கறி, கீரை போடுகிறவருக்குப் பக்கத்து நகரத்தில் பொதுவாக மூன்று வாசல்கள் திறந்திருக்கும். மூட்டை கட்டி, கமிஷன் எடுத்துக்கொண்டு ஏலத்தில் விற்றுத் தரும் கமிஷன் மண்டியில் போட்டுவிட்டு வரலாம். அரசு நடத்தும் உழவர் சந்தையில் விவசாயி அடையாள அட்டை எடுத்துத் தாமே உட்கார்ந்து விற்கலாம். வாரச்சந்தையில் தார்ப்பாய் விரிக்கலாம். பெரிய நகரங்களுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இயற்கை விளைபொருள் சந்தை, அடுக்குமாடிக் குடியிருப்பு வாசல் என்று நான்காவதாக ஒன்றும் உண்டு.

கிலோவுக்கு எங்கே கூடுதலாகக் கிடைக்கும் என்று மட்டும் பார்த்தால் மண்டி எப்போதும் தோற்கும். ஆனால் மண்டிக்குப் போட்டே நன்றாக இருக்கிற விவசாயிகளும் உண்டு, உழவர் சந்தைக்கு ஆறு மாதம் போய்விட்டு அட்டையைப் பரணில் போட்டவர்களும் உண்டு. ஒரு நாளில் எத்தனை கிலோ அறுக்கிறோம், அது எத்தனை வகை, வீட்டில் ஓர் ஆளை எட்டு மணி நேரம் விட முடியுமா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால்தான் எந்த வாசல் நமக்கு என்று சொல்ல முடியும்.

நூறு கிலோ கத்தரிக்காய்க்கு ஒரு கணக்கு

கீழே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

மண்டியில் கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவில் கழிவு என்று 2 கிலோ தள்ளுவார்கள். 98 கிலோவுக்கு 2,940 ரூபாய். கமிஷன் பத்து சதவீதம் என்றால் 294 போகும். வண்டி வாடகை, இறக்குக்கூலி, சாக்கு எல்லாம் சேர்த்து 160. கையில் நிற்பது 2,486 ரூபாய். ஊருக்குள் வரும் லோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால் நீங்கள் போகவே தேவையில்லை.

அதே காயை உழவர் சந்தையில் கிலோ 36 ரூபாய்க்கு விற்கிறீர்கள். காலை கூட்டத்தில் 85 கிலோ போகும்: 3,060 ரூபாய். பதினொரு மணிக்கு மேல் மீதியில் 10 கிலோவை 25 ரூபாய்க்குத் தள்ளிவிட்டால் 250. கடைசி 5 கிலோ சொத்தை, நசுங்கியது, வாடியது. மொத்தம் 3,310. வண்டி, டீ, சாப்பாடு, பை எல்லாம் 270 என்றால் 3,040 ரூபாய் மிஞ்சும்.

வித்தியாசம் 554 ரூபாய். அதற்காக ஒருவர் அதிகாலை மூன்றரைக்கு எழுந்து மதியம் வீடு திரும்புகிறார். அந்த நேரத்தில் அவர் தன் விவசாயக் காட்டில் இருந்திருந்தால் ஒரு கூலி ஆள் மிச்சமாகியிருக்கும். ஆண் கூலி அந்த அளவுக்கு இருக்கிற ஊரில் இந்தக் கணக்கு சமமாகவே முடிந்துவிடும். போதாததற்கு, 85 கிலோ கத்தரியை ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்பது சொல்லும் அளவுக்கு எளிதல்ல. வருகிறவர் அரைக் கிலோ, ஒரு கிலோதான் வாங்குவார். நூறு பேருக்காவது எடை போட வேண்டும், அந்த நூறு பேரும் அன்றைக்குக் கத்தரிக்காய் வாங்க வந்தவர்களாக இருக்க வேண்டும்.

அதே நூறு கிலோவை ஆறு வகையாகக் கொண்டுபோனால் படம் மாறிவிடும். கத்தரி 25, வெண்டை 20, கொத்தவரை 10, தக்காளி 30, பச்சை மிளகாய் 5, பாக்கிக்குக் கீரைக்கட்டு என்று பரப்பி வைத்தால் ஒரே ஆள் உங்களிடம் மூன்று பொருள் வாங்குவார். பதினொரு மணிக்கு மிச்சம் என்று தள்ள வேண்டியதும் குறையும். ஒரே காயை மூட்டை மூட்டையாக அறுக்கிறவருக்கு மண்டி, பல காயைக் கூடை கூடையாக அறுக்கிறவருக்கு உழவர் சந்தை. இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

கீரை மட்டும் இதில் தனிக்கட்சி. மண்டியில் ஐந்து ரூபாய்க்குப் போகிற கட்டு நேரடி விற்பனையில் பத்து ரூபாய்க்குப் போகும். வேறு எந்தக் காயிலும் இந்த அளவு இடைவெளி கிடையாது, ஏனென்றால் கீரை சில மணி நேரத்தில் வாடும் என்ற ஆபத்தை வியாபாரி விலையில் கழித்துவிடுகிறார். 200 கட்டு கொண்டுபோய் 180 விற்றால்கூட 1,800 ரூபாய். மண்டியில் அதே 200 கட்டுக்குக் கமிஷன் போக 900 ரூபாய்தான். பத்து சென்ட் கீரை இருந்தாலே உழவர் சந்தை அட்டை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

உழவர் சந்தை: அட்டையில் இருந்து தொடங்குகிறது

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விவசாயி மட்டுமே விற்கலாம், கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசு அங்கேயே தருவார்கள் என்ற அடிப்படை இன்றும் அதேதான். வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை நடத்துகிறது. சந்தையிலேயே நிர்வாக அலுவலர் அறை இருக்கும். முதலில் போக வேண்டிய இடம் அதுதான். கூட்டமான காலையில் போகாமல் பதினொரு மணிக்கு மேல் போனால் நின்று பேசுவார்கள்.

அட்டைக்கு நிலப் பதிவுகளான சிட்டா, அடங்கல், அவற்றோடு ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பாஸ்போர்ட் அளவு படங்கள் வேண்டும். என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் கேட்பார்கள். அதன் பிறகு தோட்டக்கலை அல்லது வேளாண் துறை அலுவலர் காட்டுக்கு வந்து பயிரைப் பார்ப்பார். இந்தப் பார்வைதான் பலருக்கு இழுக்கும் இடம். நாற்று விட்டதும் விண்ணப்பித்தால் காட்ட ஒன்றும் இருக்காது. அறுவடை தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் அட்டை வருவதற்குள் பாதிப் பறிப்பு மண்டிக்குப் போய்விடும். செடி பூ எடுக்கும் நேரத்தில் கொடுத்துவிடுவதே சரி.

பட்டா அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் கிராம நிர்வாக அலுவலர் சான்றில் சாகுபடி செய்வது நீங்கள்தான் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்களுக்கும் அதுவே பொருந்தும். விற்க உட்காரப்போவது வீட்டுக்காரம்மா என்றால் அவர் பெயரும் படமும் அட்டையில் வர வேண்டும். அட்டை ஒருவர் பெயரில், உட்காருவது வேறொருவர் என்றால் சோதனையின்போது எழுப்பிவிடுவார்கள்.

அட்டையில் எழுதிய பயிரைத்தான் விற்கலாம். அடுத்த போகத்துக்குப் பயிர் மாற்றினால் அதைச் சொல்லிப் பதிய வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, புடலங்காயோடு போய் நின்று சண்டை போடுகிறார்கள். அலுவலர் பக்கமும் நியாயம் இருக்கிறது: வியாபாரி மண்டியில் ஏலம் எடுத்த மூட்டையை விவசாயி பெயரில் உள்ளே கொண்டுவருவதைத் தடுக்க அவரிடம் இருப்பது அந்தப் பதிவு மட்டும்தான். உங்கள் அட்டையை வியாபாரிக்கு நாள் வாடகைக்குக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பிடிபட்டால் அட்டை ரத்தாகும் என்பது ஒரு பக்கம். உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து உங்கள் விலையை உடைப்பவரை நீங்களே உள்ளே விட்டதாக ஆகிவிடும் என்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

விலையை அன்றன்று காலை மொத்தச் சந்தை நிலவரத்தைக் கேட்டுப் பலகையில் எழுதுவார்கள். மொத்த விலையைவிட 15 முதல் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிக் கடை விலையைவிட ஏறக்குறைய அதே அளவு குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது நோக்கம். பலகை விலைக்கு மேல் விற்கக் கூடாது. ஆகவே, உங்கள் காய் முதல் தரமாக இருந்தாலும் கூடுதல் விலை கேட்க முடியாது. நல்ல காய்க்குக் கிடைக்கும் பரிசு சீக்கிரம் விற்றுத் தீர்வதுதான். எட்டு மணிக்கே காலி செய்துவிட்டுப் போகிறவரின் கூடையைக் கவனித்தால் தெரியும்: சொத்தை பொறுக்கி எடுத்திருப்பார், ஒரே அளவாகப் பிரித்திருப்பார், காம்பு வாடாமல் இருக்கும்.

இடம் பெரும்பாலும் முதலில் வருகிறவருக்கே. முகப்பில் உட்கார ஒரு மணி நேரம் முன்னதாக வர வேண்டியிருக்கும். கீரைக்காரர் முகப்புக்குப் போட்டி போடுவதில் பொருள் உண்டு, ஏனென்றால் கீரை கண்ணில் பட்டதும் வாங்குகிற பொருள். தேடி வந்து வாங்குகிற முருங்கை, தேங்காய், வாழைப்பூ வைத்திருக்கிறவர் உள்ளே உட்கார்ந்தாலும் நஷ்டமில்லை.

போக்குவரத்தில்தான் சந்தைக்குச் சந்தை பெரிய வேறுபாடு. விவசாயிகளின் மூட்டைக்குக் கட்டணம் வாங்காத பேருந்து சில தடங்களில் இருக்கிறது. உங்கள் தடத்தில் உண்டா என்று நிர்வாக அலுவலரிடமே கேளுங்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பல வீடுகளில் பெண்களே சந்தைக்குப் போவது கட்டுப்படியாகிறது. முதல் பேருந்து ஆறு மணிக்குத்தான் என்றால் உங்கள் ஊருக்கு அந்தச் சந்தை ஒத்துவராது. ஏழு மணிக்குள் வந்து வாங்குகிறவர்களே நல்ல காய்க்குப் பலகை விலையை முழுதாகக் கொடுக்கிறவர்கள். அப்படியான ஊரில் இருப்பவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன யானை (சிறு சரக்கு) வண்டியை மாத வாடகைக்குப் பேசிக்கொண்டால் ஒழிய இதில் இறங்க வேண்டாம்.

தராசை வாங்கியதும் வெறும் தட்டில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். கூடையோடு எடை போடுகிற பழக்கம் இருந்தால் கூடையை வைத்துப் பூஜ்யமாக்கிக்கொள்ள வேண்டும். இருநூறு கிராம் கூடையை மறந்தால் வாங்குகிறவர் ஏமாறுவார், அவர் நாளைக்கு வரமாட்டார். 10, 20 ரூபாய்த் தாளாகவும் நாணயமாகவும் 500 ரூபாய்க்காவது சில்லறை எடுத்துப்போங்கள். காலை ஆறு மணிக்கு எல்லார் கையிலும் 500 ரூபாய்த் தாள்தான் இருக்கும். க்யூஆர் அட்டை வைத்தால் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஒலிபெருக்கியும் வேண்டும். கூட்டத்தில் எதிரில் நிற்பவர் காட்டும் கைப்பேசித் திரையைப் பார்த்து நம்பிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

கமிஷன் மண்டி: குறைவாகக் கொடுக்கும், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்

500 கிலோ தக்காளியை ஒரே காலையில் எடுத்துக்கொள்ளும் இடம் வேறு எதுவும் இல்லை. அதுதான் மண்டியின் பலம். மழைக்கு முன்னால் அவசரமாகப் பறித்த காய், அளவு கலந்த காய் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு விலை உண்டு. வரத்து கொட்டும் நாளில் பறிப்புக்கூலிகூடத் தேறாமல் போவதும் அதே மண்டியில்தான்.

கமிஷனைவிடக் கவனிக்க வேண்டியது முன்பணம். விதைக்கும் உரத்துக்கும் கடைக்காரர் 20,000 கொடுத்தால் அந்தப் போகம் முழுவதும் அவர் கடைக்கே காய் போட வேண்டும். ஏலத்தில் விலையைக் குறைத்தாலும் பக்கத்துக் கடைக்கு மாற்ற முடியாது. முன்பணம் வாங்கிய விவசாயிக்கு இந்தக் கட்டுரையில் சொல்கிற ஒப்பீடு எதுவும் பயன்படாது, அவருக்குத் தேர்வே இல்லை. ஆகவே நேரடி விற்பனைக்குப் போக நினைப்பவர் முதலில் அந்தப் பாக்கியை ஒரே போகத்தில் அடைக்கத் திட்டமிட வேண்டும், அல்லது கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு மாற வேண்டும்.

மண்டிக்குப் போட்டால் ஒவ்வொரு முறையும் சீட்டு வாங்குங்கள். மொத்த எடை, கழிவு, விலை, கமிஷன், கூலி ஐந்தும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். வீட்டிலேயே ஒரு தராசில் மூட்டையை எடை போட்டு அனுப்புகிற விவசாயிக்குக் கழிவு குறைவாகவே விழும். கேள்வி கேட்பார் என்று தெரிந்துவிட்டால் போதும்.

வாரச்சந்தை: கெடாத பொருளுக்கு

வாரச்சந்தைகளை ஊராட்சியோ பேரூராட்சியோ நகராட்சியோ வைத்திருக்கும். வசூல் உரிமையை ஏலம் எடுத்த குத்தகைதாரர் இடத்துக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குவார். கட்டண விவரப் பலகை இருக்கிறதா என்று பார்த்து, ரசீது கேட்டு வாங்குவது நல்லது. அட்டை வேண்டாம், பயிர்ப் பதிவு வேண்டாம். வருகிற வாரமே போய் உட்காரலாம் என்பது இதன் பெரிய வசதி.

ஆனால் நல்ல இடங்கள் எல்லாம் பல வருடங்களாக ஒரே வியாபாரிகளிடம் இருக்கும். சட்டப்படி யாருக்கும் சொந்தமில்லாவிட்டாலும், அந்த இடத்தில் புதிதாகப் பாய் விரித்தால் தகராறுதான். புதியவருக்குக் கிடைப்பது ஓரம். பக்கத்தில் இருபது வகைக் காய் பரப்பிய வியாபாரி இருக்க, இரண்டு வகையோடு ஓரத்தில் உட்கார்ந்தவரிடம் வாரம் முழுமைக்கும் காய் வாங்க வந்தவர் நிற்க மாட்டார். ஒரே ஒரு பொருளை மலைபோலக் குவித்தால் நிற்பார்: சின்ன வெங்காயம், பூசணி, தேங்காய், சேனை, பூண்டு. இவை விற்காமல் மிஞ்சினால் அடுத்த வாரச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். வாரத்தில் ஆறு நாள் ஆறு ஊர் சந்தை சுற்றுகிற வியாபாரிகள் இந்தப் பொருள்களைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். கீரையையும் வெண்டையையும் மாலைச் சந்தைக்குக் கொண்டுபோனால் ஏழு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் வாடிய முகம்தான் தெரியும்.

தராசு உங்களுடையதாக இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் செய்கிறார்கள். முத்திரை இல்லாத மலிவுத் தராசை வாங்கி வைத்திருந்து சோதனையில் சிக்கினால் ஒரு மாத லாபம் அபராதத்துக்குப் போகும். சுங்கம், விளக்கு, தார்ப்பாய் வாடகை சேர்ந்தால் சிறிய விற்பனையில் பெரிய பங்கு போய்விடும். மழை வந்தால் அன்றைய நாளே போச்சு.

இயற்கைச் சந்தையும் அடுக்குமாடி வாசலும்

ரசாயனம் இல்லாமல் பயிர் செய்கிறவருக்கு உழவர் சந்தைப் பலகை விலை உண்மையிலேயே அநியாயம். அவர் காயும் மற்றவர் காயும் அங்கே ஒரே விலைதான். சென்னை, கோவை போன்ற நகரங்களின் வார இறுதிச் சந்தைகளில் அவர் சொல்லும் விலைக்கு மரியாதை உண்டு. சான்றிதழ் இல்லாமல் விற்கலாமா என்ற கேள்விக்குப் பதில்: ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளர், வாங்கி உண்பவருக்கே நேரடியாக விற்றால் சான்று கட்டாயமில்லை. ஆனால் இயற்கை விளைபொருளுக்கான அரசு முத்திரைச் சின்னத்தைப் பொட்டலத்தில் போடக் கூடாது. கடைக்கு விற்பதாக இருந்தால் சான்று வேண்டும்.

அடுக்குமாடியில் முந்தின நாள் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பறிப்பதே பிழைக்கும் வழி. குத்துமதிப்பாக 60 கிலோ கொண்டுபோனால் 25 கிலோ திரும்பி வரும். இந்த வழியில் விலை நன்றாக இருந்தாலும், ஒரு வாரம் போகாமல் விட்டால் வாடிக்கையாளர் செயலியில் ஆர்டர் போட்டுப் பழகிவிடுவார். தொடர்ந்து 20 வகை கொடுக்கக்கூடிய ஐந்தாறு விவசாயிகள் சேர்ந்து செய்தால்தான் நிற்கும் என்பது எங்கள் கருத்து.

ஊறுகாய், வற்றல் பொடி, செக்கு எண்ணெய், நெய் என்று எதையாவது சேர்த்து விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சிறு உற்பத்தியாளருக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். சொந்தக் காட்டில் பறித்த பச்சைக் காயை விவசாயியே விற்க இந்தப் பதிவு தேவையில்லை.

நேரடி விற்பனை என்று முடிவானால் காட்டை மாற்ற வேண்டும்

மண்டிக்காகப் போட்ட காட்டை வைத்துக்கொண்டு உழவர் சந்தைக்குப் போனவர்கள்தான் அதிகமாகத் தோற்றவர்கள். ஒரே நாளில் நட்ட ஐம்பது சென்ட் தக்காளி மூன்று வாரம் கொட்டும், பிறகு நின்றுவிடும். அந்த மூன்று வாரமும் பறித்ததெல்லாம் விற்காது, அதற்குப் பிறகு கொண்டுபோக ஒன்றும் இருக்காது. வாடிக்கையாளர் முகம் பழகுவதற்குள் கடையே காணாமல் போகும்.

கீரைக்குப் பத்து சென்டை ஐந்து பாத்தியாகப் பிரித்து, ஐந்து நாளுக்கு ஒரு பாத்தி விதையுங்கள். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளை ஒட்டி அறுவடைக்கு வரும் என்பதால், கடைசிப் பாத்தி விதைத்து முடிக்கும்போது முதல் பாத்தி பறிக்கத் தயாராகும். அரைக்கீரையைத் தனியே வைத்துக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்க விடலாம். வெண்டை ஏறக்குறைய 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றும். நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவரிடம் முற்றலைத் தள்ள முடியாது. கத்தரியை ஐம்பது நாள் இடைவெளியில் இரண்டு பகுதியாக நடுங்கள்.

கீரையை முந்தின நாள் வெயில் தாழ்ந்த பிறகு பறித்து, வேரில் மண் போக அலசி, நீர் வடிந்த பிறகு கட்ட வேண்டும். ஈரத்தோடு இறுக்கிக் கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறி, விடிவதற்குள் நடுக்கட்டு அழுகத் தொடங்கும். வெளியே பச்சையாகத் தெரிவதால் விற்றுவிடும், வாங்கியவர் வீட்டில் பிரித்துப் பார்த்த பிறகு உங்களிடம் வர மாட்டார். இரவு முழுதும் ஈரச் சாக்கு மேலே மூடியிருந்தால் போதும். தக்காளியை நேரடி விற்பனைக்கு முக்கால் பழமாகப் பறியுங்கள். மண்டிக்கு அனுப்புவதைப் போல நிறம் திரும்பும்போதே பறித்துக்கொண்டுபோனால் அன்றைக்குக் குழம்பு வைக்க வந்தவர் தொடமாட்டார்.

எங்கள் பரிந்துரை இப்படி. 120 கிலோவுக்குள், நான்கு வகைக்கு மேல், சந்தை பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள், வீட்டில் ஓர் ஆள் காலையில் ஓய்வு என்றால் உழவர் சந்தை. 300 கிலோவுக்கு மேல் ஒரே பொருள் என்றால் மண்டி, அதுவும் முன்பணம் இல்லாமல். வெங்காயம், பூசணி, தேங்காய் என்றால் வாரச்சந்தை, ஊர் மாற்றி ஊர். இடையில் இருப்பவர்கள் இரண்டையும் கலக்கலாம்: வாரத்தில் நான்கு நாள் பொறுக்கி எடுத்த காய் உழவர் சந்தைக்கு, மற்ற மூன்று நாள் பறிப்பு முழுவதும் மண்டிக்கு. ஞாயிறு உழவர் சந்தையை விட்டுவிடாதீர்கள், கூட்டம் அன்றைக்குத்தான்.

முடிவெடுக்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டு போடுங்கள். கொண்டுபோனது, பலகை விலைக்கு விற்றது, விலை குறைத்து விற்றது, திரும்பி வந்தது, செலவு, வீட்டை விட்டுக் கிளம்பிய நேரம், திரும்பிய நேரம். திரும்பி வந்தது பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வகையைக் கூட்டி அளவைக் குறையுங்கள். மூன்றாவது வாரமும் அப்படியே இருந்தால் அந்தப் பொருளை மண்டிக்கு மாற்றிவிட்டு, கீரையோடு மட்டும் சந்தைக்குப் போங்கள்.